முல்லையாற்றுக் கடன்

தேனி கடைவீதி,
12-7-1937

கர்த்தருக்குள் பிரியமான தம்பி வேதமாணிக்கத்துக்கு அக்காள் அன்னத்தாய் எழுதிக்கொள்வது.

நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். பெங்களூரில் தபால் கார்டுக்குப் பஞ்சமா, அக்காளுக்குப் பஞ்சமா? இங்கே மலைப்பக்கமிருந்து ஒரே காற்று. காயப்போட்ட மிளகாய் வற்றல் பறந்து கோயில் தெரு வரைக்கும் போகிறது. சுயம்புலிங்க மாமா கடையிலிருந்து வரும்போது தலையெல்லாம் புழுதி. பவுன் அத்தைக்குக் காலில் புண் இன்னும் ஆறவில்லை. தினம் இரண்டு வேளை வெந்நீரில் கழுவிக் கட்டுகிறேன்.

இவர்கள் மகன் ராஜண்ணன் உன்னை முல்லையாற்று வெள்ளத்திலிருந்து கரையில் தூக்கிப் போட்டுவிட்டுத் தான் போய்ச் சேர்ந்து, வருகிற ஐப்பசியோடு பதின்மூன்று வருஷம் ஆகிறது. "ஒத்தைப் பிள்ளையைக் குடுத்துட்டு நிக்கிறாக. பத்து நாளைக்கு அத்தைக்குத் துணையா இரு ஆத்தா" என்று அப்பா என்னை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அப்போது எனக்குப் பதினாறு. அப்பாவும் போய்விட்டார். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

ஒரு காரியம் சொல்ல வேண்டும். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கம்பவுண்டராக இருக்கிற முத்துவீரன் என்பவர் சனிக்கிழமைதோறும் கீழே இறங்கி வருவார். அத்தையின் புண்ணுக்கு அவர்தான் மருந்து. நம் சபைக்காரர்தான், ஞானஸ்நானம் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை மாமாவிடம் என்னைப் பெண் கேட்டார். மாமா, "நான் என்ன சொல்ல? அவ தம்பி சபை ஐயர் படிப்புப் படிக்கான். அவனைக் கேட்டுக்கங்க" என்றார். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கயும் போகல அத்தை" என்று சொன்ன பிறகுதான் கஞ்சி இறங்கியது.

அவரை எனக்குப் பிடித்திருக்கிறது மாணிக்கம். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நீ கிரேக்கு படிக்கிறாயே, ஒன்று சொல். கர்த்தருடைய ஜெபத்தைக் கோயிலில் சொல்லும்போது 'குற்றங்களை' மன்னிக்கச் சொல்லுகிறோம். வேதபுத்தகத்தில் மத்தேயுவைத் திறந்தால் 'கடன்களை' என்று இருக்கிறது. எது சரி? குற்றம் என்று பெரிதாக நான் ஒன்றும் செய்யவில்லை. கடன் என்றால், அது என்னிடம் இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அன்னத்தாய்


பெங்களூர்,
30-7-1937

என் பிரியமுள்ள அக்காளுக்குத் தம்பி வேதமாணிக்கம் அநேக தோத்திரத்துடன் எழுதுவது.

நான் நல்ல சுகம். இங்கே ஆடி மாதத்திலும் குளிர். நீ அனுப்பிய எள்ளுருண்டையை அறையில் இருக்கிற நாலு பேரும் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள்.

உன் கேள்வியை எங்கள் கிரேக்கு வாத்தியாரிடமே கேட்டேன். அவர் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். மத்தேயு எழுதின வார்த்தை கடன்தான். 'ஒஃபெய்லேமா' என்பது கடைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கிக்குச் சொல்கிற சாதாரண வார்த்தை. லூக்கா எழுதும்போது முதலில் பாவம் என்று வைத்து, அடுத்த வரியில் நமக்குக் கடன்பட்டவன் என்று முடிக்கிறார். கர்த்தர் வீட்டில் பேசிய பாஷையில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லாம். அதனால்தான் இந்தக் குழப்பம்.

இன்னொன்று கேள். 'ஒஃபெய்லோ' என்றால் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று அர்த்தம். 'செய்யவேண்டியவனாயிருக்கிறேன்' என்றும் அதே வார்த்தைக்கு அர்த்தம். வாத்தியார் இதைப் பெரிய அதிசயம்போலச் சொன்னார். எனக்கு ஒரு அதிசயமும் தெரியவில்லை. கடன், கடமை, கடவாய், கடவீர்கள் எல்லாம் நமக்கு ஒரே வேரில் முளைத்தவைதானே! சீஷர்களின் காலைக் கர்த்தர் கழுவிவிட்டு, நீங்களும் கழுவக்கடவீர்கள் என்கிற இடத்திலும் இதே கிரேக்கு வார்த்தைதான். நீ அத்தையின் புண்ணைக் கழுவுகிறதை எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது அந்த வசனம்தான் ஞாபகம் வந்தது.

அந்த மனுஷரைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம் அக்கா. ஆனாலும் அத்தை இருக்கிற நிலையில் அவசரப்பட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருவேன். வந்து மாமாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை பொறுத்திரு.

உன் தம்பி,
வேதமாணிக்கம்


தேனி,
5-9-1937

பிரியமான தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு வேதபுத்தகத்தை எடுத்து அந்த இடத்தையும் வாசித்தேன். ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்றல்லவா இருக்கிறது? ஒரே ஆள் பதின்மூன்று வருஷம் கழுவவேண்டும் என்று இல்லையே. உங்கள் வாத்தியாரிடம் இதையும் கேள்.

நான் அத்தையைக் குறை சொல்லவில்லை. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்தது கிடையாது. தனக்கு ஒரு சேலை எடுத்தால் எனக்கும் எடுக்கிறார்கள். ஆனால் சந்தைக்குப் போய் அரை நாழிகை பிந்தினால், வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் போடியில் பூமாரிக்குக் குழந்தை பிறந்ததென்று பார்க்கப் போனேன். அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். காலை ரயிலுக்குப் போய் மத்தியான ரயிலுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குள் அத்தைக்கு மயக்கம் வந்து, மாமா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா ஆத்தா" என்றார், அவ்வளவுதான். யாராவது என்னைத் திட்டினால்கூட நல்லது. திட்டினால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போகலாம். இந்த வீட்டில் கதவு எல்லாம் திறந்துதான் கிடக்கிறது மாணிக்கம். வெளியே போகத்தான் வழியில்லை.

நேற்று கம்பவுண்டர் வந்திருந்தார். கட்டு மாற்றிவிட்டுக் கிணற்றடியில் கை கழுவும்போது, "ஒங்க தம்பி என்ன எழுதினாக?" என்று கேட்டார்.

"கிரேக்கு எழுதியிருக்கான்" என்றேன்.

சிரித்தார். பிறகு, "தோட்டத்துல குடும்பக்காரங்களுக்குத்தான் வீடு குடுக்காக. வர்ற ஈஸ்டர் வரைக்கும் அங்கன ஒரு வீட்டை எனக்குன்னு வச்சிருக்காக. அதுக்குள்ள தெரியலைன்னா வேற மலைக்குத் தூக்கிப் போட்டுருவாக. நான் உங்களை அவசரப்படுத்தல. எனக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்கு இருபத்தொன்பது நடக்கிறது. இனிமேல் யார் கேட்டு வரப்போகிறார்கள்?

கடனுக்கு அர்த்தம் சொன்னாய். 'மன்னியும்' என்பதற்குக் கிரேக்கில் என்ன, அதையும் எழுது. அந்த வார்த்தையில் எனக்கு ஏதாவது கிடைக்கிறதா பார்க்கிறேன்.

அன்னத்தாய்


பெங்களூர்,
10-10-1937

என் அக்காளுக்கு,

நீ கேட்ட வார்த்தை 'அஃபியேமி'. விட்டுவிடுகிறது என்று அர்த்தம். அப்போஸ்தலர்கள் வலைகளை விட்டுவிட்டுப் போனார்களே, அங்கேயும் இதுதான். பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டது என்கிற இடத்திலும் இதுதான். கடன் கொடுத்தவன் பிடித்த பிடியை விட்டுவிடுவதுதான் மன்னிப்பு. ஆனால் அக்கா, கடன்பட்டவன் தானாக அவிழ்த்துக்கொண்டு போக இந்த வார்த்தையில் இடமில்லை. பிடித்திருக்கிறவர்தான் விடவேண்டும். அதனால்தான் மாமாவிடம் நான் கேட்டாகவேண்டும் என்கிறேன்.

இன்னொரு இடத்தையும் பார்த்தேன். ஒரு அப்போஸ்தலன் தன்னைக் கிரேக்கருக்கும் மற்ற ஜனங்களுக்கும் கடனாளி என்று எழுதுகிறார். அவர்களிடம் அவர் ஒன்றும் வாங்கினதில்லை. வாங்கினது ஓரிடத்தில், கொடுக்கவேண்டியது வேறிடத்தில். அப்படியானால் இந்த வீட்டில் பட்ட கடனை இந்த வீட்டுக்குள்ளேயே அடைத்துத் தீரவேண்டும் என்று இல்லையே! குரங்கணி மலையில் நோயாளிகளுக்கு நடுவே நீ போய் இருந்தாலும் அது அடைபட்டதாகத்தான் ஆகும். இதை மாமாவுக்கு விளங்கும்படி சொல்லுவேன்.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். இந்த வருஷம் எங்கள் ஒவ்வொருவரையும், தேவன் என்னை எப்படி அழைத்தார் என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லாரும் எழுதினார்கள். நான் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை யார் அழைத்தது? ராஜண்ணனை அடக்கம் பண்ணின அன்று, குழி மூடினதும் மாமா என் தலையில் கையை வைத்து, "என் மகன் உசுரக் குடுத்து எடுத்த உசுரு. இதக் கர்த்தருக்குக் குடுத்துட்டேன்" என்றார். பதினொரு வயதில் நான் ஐயராகிவிட்டேன். தேனியில் நான் நடந்தால், "அந்தா போறான், ராஜு தூக்கிப் போட்ட பையன்" என்கிறார்கள். உனக்கு அந்த வீடு எப்படியோ, எனக்கு இந்த அங்கி அப்படி.

டிசம்பரில் இரண்டு பேருக்குமாகப் பேசுகிறேன். சத்தியமாகப் பேசுகிறேன்.

வேதமாணிக்கம்


தேனி,
6-1-1938

தம்பி மாணிக்கத்துக்கு,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாய் என்று கார்டு வந்தது.

நீ போனதிலிருந்து எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் பார்த்தது எப்படி என்று உனக்குத் தெரியவேண்டும்.

பண்டிகை ஆராதனை முடிந்து எல்லாரும் வந்தோம். இலை போட்டாயிற்று. மாமா உள்ளே போய் ராஜண்ணனுடைய கறுப்புக் கோட்டை எடுத்து வந்து உன் தோளில் போட்டார். பாச்சை உருண்டை வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. அத்தை உன் கையைத் தடவி, "எம்பிள்ளைக்கும் இப்படித்தான் முழங்கை கிட்ட இறுக்கும்" என்று அழுதார்கள். நான் ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா உன்னைப் பார்த்தார். "என்னமோ பேசணும்னு எழுதியிருந்தியே மாணிக்கம், சொல்லு" என்றார். அதைவிட ஒரு மனுஷன் என்ன வழி விடுவான்?

நீ தலையைக் குனிந்தாய். பிறகு, "ஐயர் பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம்தான் மாமா" என்றாய்.

ரசச் சட்டி கையைச் சுட்டது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் இருந்தாய். மூன்று நாளும் என்னோடு தனியாக இருக்காமல் பார்த்துக்கொண்டாய். ஸ்டேஷனில்தான் பிடித்தேன். "ஏண்டா கேக்கல?" என்றேன். "ரயில் வந்துருச்சுக்கா" என்றாய். ரயில் அப்போது வரக்கூட இல்லை. தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

மாமாவுக்கு நீ பயப்படுகிறவன் இல்லை. எனக்குத் தெரியும். அப்புறம் என்ன? என்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்பதில் உனக்கு என்ன நஷ்டம்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கிரேக்கு வேண்டாம். தமிழில் எழுது.

அன்னத்தாய்


பெங்களூர்,
2-2-1938

அக்காளுக்கு,

தமிழில் எழுதுகிறேன்.

ராஜண்ணன் என்னைத் தூக்கிக் கரையில் போடவில்லை.

அன்று ஐப்பசி வெள்ளம் பார்க்க வீரபாண்டிக்கு அவர்தான் என்னைக் கூட்டிப் போனார். அணைச்சுவரின் மேல் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். பாசியில் அவர் கால் வழுக்கிற்று. விழும்போது என் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் விழுந்தோம். தண்ணீருக்குள்ளும் அவர் என் கையை விடவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. நான் கையை உதறினேன் அக்கா. ஒரு தடவை உதறினதில் வரவில்லை. காலால் அவர் நெஞ்சில் உதைத்து இரண்டாம் தடவை உதறினேன். கை வந்துவிட்டது. ஒரு நாணல் புதர் கிடைத்தது. ஒச்சாண்டி என்கிற வண்டிக்காரர் மாட்டுக் கயிற்றைப் போட்டு என்னை இழுத்தார். அவர் சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றிப் போகிறவர். என்னைக் கரையில் கிடத்திவிட்டு, கூட்டம் வருகிறதைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சேதி கேட்டு அத்தை வண்டி பிடித்து வந்தார்கள். என்னை இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "எம்மகன்தானே உன்னத் தூக்கிப் போட்டான்? சொல்லு ராசா, எம்மகன்தானே?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு அப்பா உன்னைக் கொண்டுபோய் அங்கே விட்டார். மாமா என் தலையில் கை வைத்தார். சபையில் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதை ஒரு முழம் வளர்ந்தது. எந்த வருஷத்தில் நான் அதை நிறுத்தியிருக்க முடியும்? பன்னிரண்டிலா, பதினைந்திலா? ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

உன்னை விடச் சொல்லி மாமாவிடம் கேட்க வாயைத் திறந்தால், முதலில் வரவேண்டிய வார்த்தை இதுதான். கோட்டைத் தோளில் போட்டபோது அது தொண்டைவரை வந்தது. அத்தை அந்தக் கையைத் தடவினார்கள். நான் உதறிய கை. விழுங்கிவிட்டேன்.

நீ கட்டிக்கொண்டிருக்கிற கடன் யாரும் கொடுக்காத கடன். நான் சொன்ன பொய்க்கு நீ பதின்மூன்று வருஷம் கட்டியிருக்கிறாய். என்னை மன்னி என்று எழுதக் கை வரவில்லை. நீ சொன்னால் புறப்பட்டு வந்து, சபை முழுக்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னால் இந்தப் படிப்பையும் விட்டுவிடுகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அப்படி.

உன் தம்பி,
மாணிக்கம்


தேனி,
9-3-1938

வேதமாணிக்கத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கொல்லையில் நின்று வாசித்தேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அத்தை, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிடவேண்டும் போல இருந்தது. பிறகு பாவமாக இருந்தது.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. முந்தாநாள் அத்தை புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எதிரே உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். ஒரு கூடை முடிந்ததும் சொன்னேன்.

"அத்தை, நான் கம்பவுண்டரைக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். என்னைய விட்டுருங்க."

கத்தி நின்றது. சாப்பாட்டை நிறுத்துவார்கள், மயங்கி விழுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, "எம்மகனுக்கு நீச்சல் தெரியாது, தெரியுமா?" என்றார்கள்.

எடுத்த கொட்டையைத் திரும்பப் புளிக்குள்ளேயே போட்டேன்.

"சின்னதுலருந்தே தண்ணின்னா பயம் அவனுக்கு. அவன் எங்கிட்டு ஒருத்தனத் தூக்கிப் போட? பெத்தவளுக்குத் தெரியாதா? உந்தம்பிய உலுக்கிக் கேட்டேன். பச்சப்பிள்ள, பயந்து தலைய ஆட்டுச்சு. அந்தத் தலையாட்டல நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். சும்மா வழுக்கி விழுந்து செத்தான்னு ஊரு பேசக்கூடாதுல்ல."

"அப்ப என்னை எதுக்கு அத்தை வச்சிருந்தீக?"

"ஒங்கப்பா கொண்டாந்து விட்டாக. வேணாம்னு சொல்லத்தான் செஞ்சிருக்கணும். சொல்ல மனசு வரல. வீடு ரொம்பப் பெருசா இருந்துச்சு ஆத்தா."

அதற்குப் பிறகு புளியைத்தான் உடைத்தோம். சாயங்காலம் அத்தையே மாமாவிடம் சொன்னார்கள். மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஐயரைப் பார்த்து, ஈஸ்டருக்கு அடுத்த வியாழக்கிழமை என்று நாள் வாங்கி வந்தார். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் கேட்கவில்லை. அத்தையும் கேட்கவேண்டாம் என்றார்கள்.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டால், இன்னும் தெரியவில்லை. வெளியே வந்தவள் போலவே இல்லை. அத்தைக்கு யார் கட்டு மாற்றுவார்கள் என்று காலையில் எழுந்ததும் யோசிக்கிறேன். இப்போது என்னை யாரும் பிடித்திருக்கவில்லை, ஆனாலும் பிடித்த இடம் வலிக்கிறது.

உன் காரியத்துக்கு வருகிறேன். 'நீ சொன்னால்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். நீ சபையில் சொல்வதையும், படிப்பை விடுவதையும் நான் தீர்மானிக்கவேண்டுமாக்கும். அதையும் நான்தான் சுமக்க வேண்டுமா? மாட்டேன். ஐயராவதும் ஆகாததும் உன் இஷ்டம். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஒச்சாண்டி உயிரோடிருந்தால் அவரைப் போய்ப் பார். அதை மட்டும் நான் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் கையை உதறிய பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை மாணிக்கம். நானாயிருந்தாலும் உதறியிருப்பேன். தலையை ஆட்டியதற்கும் கோபமில்லை. அவனுக்குப் பதினொரு வயது. அவனை நினைத்து அழுதுவிட்டேன். அது முடிந்துவிட்டது.

பண்டிகை அன்று கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு இருபத்துநாலு வயது. கதவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். அவனை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம். பெண்ணை யார் கைப்பிடித்துக் கொடுப்பது என்று ஐயர் கேட்டார். நானே நடந்து போவேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்னத்தாய்